எண்ணித் தெளிந்த மேதை

முன்னுரை

'எண்' என்பது தமிழில் பொருள்வளம் மிக்க சொல்லாகும். ஒன்று, இரண்டு எனப் பொருள்களைக் கணக்கிடுதலும் எண்ணுதலே. ஒரு செய்தியைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தலும் எண்ணுதலே. கணக்கும் கருத்தும் உடன்பிறந்தவை என்பதை நம் முன்னோர் இவ்வொரு சொல்லாலேயே உணர்த்திவிட்டனர். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் செயலிற் காட்டிய பேரறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்பவர். இந்தியப் புள்ளியியலின் தந்தை என அறிஞர் உலகம் அவரைப் போற்றுகின்றது.

சென்னைக்கு மேற்கே கூவம் ஆற்றின் அருகே வானகரம் என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு வெள்ளத்தின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்தது. அடையாறு கரைகடந்து பெருகியது. சென்னை மாநகரம் நீரில் தத்தளித்தது. அத்தகைய துன்பம் நேருங்காலத்து, 'இஃது எதனால் நேர்ந்தது? இனி என் செய்வது?' என்று மக்கள் கேட்பது இயல்பு. விடை கூறுவார் பலர். ஆராய்ந்து விடை கூறுவார் சிலர். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் இதுபோன்ற வினா எழுந்தபோது எண்களைக்கொண்டு ஆராய்ந்து விடை கண்டவர் மகலனோபிஸ். அவர்தம் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் பெயர் பிரபோத சந்திரர். தாயார் நீரோதவாசினி அம்மையார். அவர்களுடைய முன்னோர் கிழக்கு வங்காளத்து விக்கிரமபுரத்தைச் சார்ந்தவர். பாட்டனார் குருசரணர் 1854ஆம் ஆண்டு கல்கத்தாவிற் குடியேறினார். அவர் பிரம்ம சமாசத்தில் ஈடுபாடு கொண்டவர். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் வெறுத்த அக்காலத்திலேயே கைம்பெண் ஒருவரை மணந்து, தாம் கொண்ட கொள்கையைத் தம் வாழ்விலேயே நிலைநாட்டியவர். பலரும் நம்புகின்றனர் என்பதற்காக ஒன்றனை உண்மையெனக் கொள்ளாத துணிவு பேரனுக்கும் குடிவழிச் செல்வமாக வாய்த்தது எனலாம்.

பிரம்ம சிறுவர் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற மகலனோபிஸ், பின்னர்க் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த சகதீச சந்திர போசும், வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராயும் அக்காலத்து அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். அத்தகைய நல்லாசிரியர்களின் நிழலில் இருந்து கற்ற அவர், 1912ஆம் ஆண்டு இயற்பியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார்.

தவறிய புகைவண்டி

மேற்படிப்பை விரும்பிய இளைஞர் 1913ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்திற் சேர்வதே அவர்தம் நோக்கம். இடையில் ஒருநாள் கேம்பிரிட்சு நகரைக் கண்டுவரச் சென்றார். அங்குள்ள அரசர் கல்லூரியின் பழைய வழிபாட்டுக் கூடத்தின் பேரழகில் மனம் பறிகொடுத்தார். மாலையில் இலண்டன் செல்லும் கடைசிப் புகைவண்டி அவரை விட்டுச் சென்றுவிட்டது. அன்றிரவு நண்பர் ஒருவரின் இல்லத்திலே தங்கினார். அந்நண்பர், அக்கல்லூரியிலேயே சேர முயலலாமே என்று தூண்டினார். மறுநாளே முயன்றார், இடமும் கிடைத்தது. ஒரு வண்டி தவறியது. ஒரு வாழ்வு தன் வழியைக் கண்டுகொண்டது!

கேம்பிரிட்சில் அவர்க்கு நம் தமிழகத்துக் கணித மேதை சீனிவாச இராமானுசரின் நட்புக் கிட்டியது. இராமானுசர் 1914ஆம் ஆண்டு அந்நகரை அடைந்தார். குளிர்நாட்டு வழக்கங்களை அறியாத அவர், இரவெல்லாம் நடுங்கியபடி மேற்சட்டையையும் சால்வையையும் போர்த்துப் படுத்தார். ஒருநாள் அவர் அறைக்குச் சென்ற மகலனோபிஸ், போர்வைகள் பல கட்டில் விரிப்பின் கீழே மடித்து வைக்கப்பட்டிருத்தலைக் கண்டார். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். எண்ணின் ஆழத்தைக் கண்ட மேதைக்குப் போர்வையின் அடுக்குத் தெரியவில்லை! மற்றொரு நாள், திங்களிதழ் ஒன்றில் வந்திருந்த கணக்குப் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்த இராமானுசர், கேட்கப்பட்ட ஒரு விடையை மட்டுமன்றி, அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் பொருந்தும் விடையையே தொடர் பின்னமாகக் கூறினார். உண்மையான மேதைமை எத்தகையது என்பதை இளைஞர் அன்று நேரிற் கண்டார்.

1915ஆம் ஆண்டு மகலனோபிஸ் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் வெற்றி பெற்றார். ஆராய்ச்சி தொடங்குமுன் சிறிது காலம் தாய்நாடு சென்று வர எண்ணினார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தமையால் கப்பல் புறப்படச் சில நாள் தாழ்த்தது. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் இருந்த அவர்க்கு ஆசிரியர் மெக்காலே என்பார் 'பயோமெட்ரிகா' என்னும் ஆராய்ச்சி இதழின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களைப் பற்றிய அளவுகளைத் திரட்டிக் கணித நெறியால் ஆராயும் இதழ் அது. மகலனோபிஸ் அத்தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவை அடைந்தபோது அவருள்ளத்தில் ஒரு புதிய துறை வேரூன்றியிருந்தது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பணி அவர்க்குக் கிடைத்தது. தொழில் இயற்பியல், காதல் புள்ளியியல் என அவர்தம் வாழ்வு இரு கிளையாய் வளர்ந்தது. 1923ஆம் ஆண்டு அவர் நிர்மலகுமாரி அம்மையாரை மணந்தார். கவியரசர் தாகூர் அவ்விருவரிடத்தும் பேரன்பு பூண்டிருந்தார்.

ஒரிசாவின் வெள்ளம்

1926ஆம் ஆண்டு ஒரிசா மாநிலத்தில் (இன்றைய ஒடிசாவில்) பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு செய்தது. ஆராய அமைந்த பொறியாளர் குழுவினர் ஒரு முடிவு கூறினர். ஆண்டுதோறும் வண்டல் படிந்து ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது. ஆதலின் கரைகளையும் உயர்த்திக் கட்டல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. கேட்பார்க்கு இது முற்றிலும் பொருத்தமாகவே தோன்றும். குடத்தின் அடியில் மணல் சேர்ந்தால் நீர் விரைவில் வழியும் அன்றோ?

ஆனால் தோற்றம் வேறு, உண்மை வேறு. ஆராயும் பொறுப்பு மகலனோபிசிடம் வந்தது. அவர் உடனே உடன்படவும் இல்லை; உடனே மறுக்கவும் இல்லை. ஏறக்குறைய 60 ஆண்டுகளின் மழையளவுகளையும் ஆற்று நீரின் அளவுகளையும் திரட்டினார். படுகை உயர்ந்தது மெய்யாயின், அதற்குரிய அடையாளம் அந்த நீண்ட குறிப்புகளிற் காணப்படல் வேண்டும். ஓர் ஆண்டு நீர் மிகும்; ஓர் ஆண்டு குறையும். அவ்வேறுபாடு இயற்கையின் ஆட்டம். அவ்வாட்டத்தையும் கடந்து, சராசரி நிலையே மாறியிருக்கின்றதா என்பதே வினா. பல்லாயிரம் எண்களை ஆராய்ந்து அவர் கண்ட விடை, படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பதாகும். ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மிகுமழையே வெள்ளத்திற்குக் காரணம் என்று அவர் நிறுவினார். நோய் மேலே இருக்க, மருந்தைக் கீழே தடவுவதாற் பயன் என்ன? கரையை உயர்த்துவதனால் பயன் விளையாது. மேற்பகுதியில் அணைகட்டி நீரைத் தேக்குதலே தக்கது என அவர் வழி கூறினார். மகாநதிக்கு அவர் செய்த தொடக்கக் கணக்குகள், வெள்ளத்தைத் தடுத்தலோடு பாசனமும் மின்னாற்றலும் தரத்தக்க திட்டத்திற்கு அடிப்படையாயின. 1957ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஈராகுட் அணை அவ்வழியில் எழுந்ததாகும்.

இதனால் நாம் அறிவது யாது? தவறான முடிவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. பிழையான கருத்தை நம்பிக் கரையை உயர்த்தியிருப்பின், மக்களின் வரிப்பணம் மண்ணிற் புதைந்திருக்கும். அக்கரையை நம்பி உறங்கிய ஏழை மக்கள் அடுத்த வெள்ளத்திற்கு இரையாகியிருப்பர். எண்ணிப் பார்த்தல் என்பது உயிர்காக்கும் அறம் ஆகும்.

'மாணாக்கர்' என்னும் புனைபெயர்

60 ஆண்டுக் குறிப்பு எல்லார்க்கும் கிடைப்பதில்லை. உழவன் ஒரு புதிய நெல்வகையை நான்கு வயல்களிலேதான் விதைத்துப் பார்க்க இயலும். மருத்துவர் ஒரு புதிய மருந்தைத் தொடக்கத்திற் சிலருக்கே கொடுத்துப் பார்க்க இயலும். கிடைத்த சில அளவுகளைக்கொண்டு கிடையாத பலவற்றின் சராசரியைப் பற்றி எங்ஙனம் முடிவு கூறுவது? 1920களில் வேளாண்மைச் சோதனைகளின் பிழையளவை ஆராயப் புகுந்த மகலனோபிசும் இவ்வினாவை எதிர்கொண்டார்.

இதற்கு முதலில் வழி கண்டவர் வில்லியம் சீலி காசெட் என்னும் ஆங்கிலேயர். அவர் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் ஒரு மது ஆலையில் வேதியியல் வல்லுநராகப் பணியாற்றினார். மது தீயதே, எனினும் சேற்றிலும் செந்தாமரை மலர்வதுண்டு. வாற்கோதுமையின் தரத்தைச் சில சோதனைகளைக்கொண்டே உறுதி செய்ய வேண்டிய நிலை அவர்க்கு ஏற்பட்டது. பல அளவுகளுக்கென வகுத்த பழைய விதிகள் சில அளவுகளுக்குப் பொருந்தாமையை அவர் கண்டார். 3,000 மனிதர்களின் உடலளவுகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, நன்கு கலைத்து, நந்நான்காகப் பிரித்து, 750 சிறு கூறுகளாக்கித் தம் கணக்கைச் சோதித்தார். தம் முடிவை 1908ஆம் ஆண்டு 'பயோமெட்ரிகா' இதழில் வெளியிட்டார். ஆலையார் ஊழியரின் பெயர் வெளிப்படுதலை விரும்பாமையால், 'மாணாக்கர்' எனப் பொருள்படும் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரை மேற்கொண்டார். உலகெங்கும் பேராசிரியர்கள் கற்பிக்கும் முறை ஒன்று, ஒரு மாணாக்கரின் பெயரால் வழங்குவது இனிய விந்தையன்றோ! பின்னர் ரொனால்டு ஃபிஷர் என்னும் பேரறிஞர் அம்முறைக்கு உறுதியான கணித அடிப்படை அமைத்து, 1925ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலின் வாயிலாக எங்கும் பரப்பினார். அந்த ஃபிஷரோடு மகலனோபிஸ் நெருங்கிய நட்புப் பூண்டார். அவர்தம் முறைகளை நம் நாட்டு வயல்களுக்குக் கொணர்ந்தார்.

நான்கு மூட்டையும் ஒன்பது மூட்டையும்

அம்முறையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். வணிகர் ஒருவர் 25 கிலோ எனக் குறித்த அரிசி மூட்டைகளை விற்கின்றார் என்று கொள்வோம். எடை குறைகின்றது என ஊரார் ஐயுறுகின்றனர். எல்லா மூட்டைகளையும் நிறுத்துப் பார்த்தல் இயலாது. ஆதலின், பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தவாறும் எடுக்காமல், சீட்டுக் குலுக்கி நான்கு மூட்டைகளை எடுத்து நிறுக்கின்றனர். சராசரி 24.7 கிலோ ஆகின்றது. குறைவு 0.3 கிலோ. உடனே வணிகரைக் குற்றவாளி எனலாமா?

நில்லுங்கள்! வழக்குமன்றத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவனைக் குற்றமற்றவன் என்றே கொள்வர். அதுபோல, வணிகர் நேர்மையானவர், மூட்டைகளின் மெய்யான சராசரி 25 கிலோவே என்று முதலிற் கருதிக்கொள்ளுதல் வேண்டும். இதற்குக் கருதுகோள் என்று பெயர். அங்ஙனமாயின் இவ்வளவு குறைவு தற்செயலாய் நேரக் கூடுமா என்று அடுத்துக் கேட்டல் வேண்டும். மூட்டைக்கு மூட்டை எடை சிறிது மாறுபடுதல் இயல்பு. அம்மாறுபாட்டை அளப்பது திட்ட விலக்கம். நான்கு மூட்டைகளிலிருந்து கணித்த திட்ட விலக்கம் 0.3 கிலோ எனக் கொள்வோம். மூட்டைகளின் எண்ணிக்கையாகிய 4-இன் வர்க்க மூலம் 2. 0.3-ஐ 2-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.15 கிலோவே சராசரிக்குரிய பிழையளவு. குறைவாகிய 0.3-ஐ இப்பிழையளவாகிய 0.15-ஆல் வகுத்தால் 2 கிடைக்கும்.

இந்த 2 பெரிதா, சிறிதா? பல அளவுகளுக்குரிய பழைய விதியின்படி, 1.96-ஐக் கடந்தாலே கருதுகோளைத் தள்ளிவிடலாம். அவ்விதியைக் கைக்கொண்டால் வணிகர் குற்றவாளியாகிவிடுவார். ஆனால் நான்கே மூட்டைகளிலிருந்து கணித்த திட்ட விலக்கமே உறுதியற்றது. அது மெய்யான மாறுபாட்டினும் மிகக் குறைவாக அமைந்திருத்தலும் கூடும். எனவே 'மாணாக்கர்' கண்ட முறை கூடுதலான சான்று கேட்கின்றது. நான்கு அளவுகளுக்கு அம்முறையின் அட்டவணை கூறும் எல்லை 3.18. நாம் கண்ட 2 அதனை எட்டவில்லை. ஆதலின் வணிகரைக் குற்றவாளி எனக் கூறுதல் இயலாது. அவர் நேர்மையானவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாகவும் கொள்ளலாகாது. சான்று போதாது என்பதே முடிவு.

அதே ஊரார் ஒன்பது மூட்டைகளை நிறுத்து, அதே 24.7 கிலோ சராசரியும் அதே 0.3 கிலோ திட்ட விலக்கமும் காண்கின்றனர் என்று கொள்வோம். 9-இன் வர்க்க மூலம் 3. பிழையளவு 0.1 கிலோவாகக் குறையும். 0.3-ஐ 0.1-ஆல் வகுக்க 3 கிடைக்கும். ஒன்பது அளவுகளுக்குரிய எல்லை 2.31. நாம் கண்ட 3 அதனைக் கடந்துவிட்டது. மூட்டைகளின் மெய்யான சராசரி 25 கிலோவாக இருந்தால், இத்துணை வேறுபாடு நூற்றுக்கு ஐந்து முறைக்கும் குறைவாகவே தற்செயலாய் நேரும். ஆகவே கருதுகோளைத் தள்ளி, எடை குறைகின்றது எனத் துணியலாம். எடைகள் சராசரியின் இருபுறமும் மணி வடிவிற் பரவியிருத்தல் வேண்டும் என்பதும், மூட்டைகளைப் பாகுபாடின்றி எடுத்தல் வேண்டும் என்பதும் இம்முறைக்கு இன்றியமையா விதிகளாகும்.

சிலப்பதிகாரக் கதையை நீங்கள் அறிவீர்கள். கோவலன் கையில் இருந்த ஒரு சிலம்பினைச் சான்றாகக் கொண்டு, மேலும் ஆராயாது, பாண்டியன் கொலைத்தண்டம் விதித்தான். பின்னர்ச் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை விளங்கியது. ஆயின் போன உயிர் மீளவில்லை. போதிய சான்றின்றிப் பழி கூறலாகாது என்னும் அறத்தையே இக்கணித முறையும் வேறொரு மொழியில் நமக்கு ஓதுகின்றது.

கழகத்தின் தோற்றம்

மாநிலக் கல்லூரியின் இயற்பியற் பகுதியில் தம் அறையிலேயே மகலனோபிஸ் ஒரு சிறிய புள்ளியியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதுவே வித்தாக, 1931ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்தியப் புள்ளியியற் கழகம் தோன்றியது. முதலாண்டில் அதன் செலவு 238 ரூபாய் மட்டுமே. செல்வத்தாற் சிறிதாயினும் நோக்கத்தால் அது பெரிதாக இருந்தது. 1933ஆம் ஆண்டு 'சங்கியா' என்னும் ஆராய்ச்சி இதழை அவர் தொடங்கினார். வடமொழியில் அச்சொல் எண் என்னும் பொருளோடு தெளிந்த அறிவு என்னும் பொருளும் உடையது. நம் தமிழில் எண்ணுதல் என்னும் சொல் நிற்பது போலவே அதுவும் நிற்றலை நோக்குங்கள். 1936ஆம் ஆண்டு, இரு மக்கட் கூட்டங்கள் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பல அளவுகளை ஒருங்கே கொண்டு அளக்கும் முறையை அவர் வகுத்தார். 'மகலனோபிஸ் தொலைவு' என இன்றும் அஃது உலகெங்கும் வழங்குகின்றது. 1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நடைபெற்ற முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்கு ஃபிஷரே தலைமை தாங்கினார். 1945ஆம் ஆண்டு இலண்டன் வேத்தியற் கழகம் மகலனோபிசைத் தன் உறுப்பினராக ஏற்றது.

ஒரு சோறும் ஒரு பானையும்

வங்காளத்தின் பெருஞ்செல்வம் சணல். ஆண்டுதோறும் எவ்வளவு நிலத்திற் சணல் விளைகின்றது என்பதை அறிதல் அரசுக்கும் வணிகர்க்கும் உழவர்க்கும் இன்றியமையாததாக இருந்தது. வயல்தோறும் சென்று எண்ணுதலே முறை எனப் பலர் கருதினர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மிடை வழங்கும் பழமொழி. மகலனோபிஸ் அப்பழமொழியின் வழியே சென்றார். 1937ஆம் ஆண்டு முதல் சிறிய அளவிற் சோதித்து, 1941ஆம் ஆண்டளவில் வங்காளம் முழுவதையும் கூறெடுப்பு முறையால் அளந்தார். பானையை நன்கு துழாவிய பின்னரே ஒரு சோற்றை எடுத்துப் பார்த்தல் வேண்டும்; மேலே வெந்ததும் அடியில் வேகாததுமாக இருப்பின் அச்சோறு நம்மை ஏமாற்றிவிடும். அதுபோலக் கூறும் விருப்பு வெறுப்பின்றி எடுக்கப்படல் வேண்டும். மேலும், ஒரே பகுதிக்கு இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பி, இருவர் முடிவும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். பிறர் பிழையைத் தேடுவது எளிது. தம் பிழையைத் தாமே தேடுவது அரிது. அவ்வரிய செயலைத் தம் முறைக்குள்ளேயே அவர் அமைத்துவிட்டார்.

கூறெடுப்பின் ஆற்றலைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றனை, அவர்தம் கழகத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற சி. ஆர். ராவ் தம் நூலில் எடுத்துரைத்துள்ளார். 1947ஆம் ஆண்டு நாடு பிரிவினையுற்ற காலத்துத் தில்லிச் செங்கோட்டைக்குள் ஏதிலிகள் பலர் அடைக்கலம் புகுந்தனர். அவர்க்கு உணவளித்தவர்கள் அரசுக்கு அனுப்பிய கணக்கு மலைபோல் உயர்ந்தது. உள்ளே இருப்பவர் எத்தனை பேர் என எண்ணுதற்கு வழியில்லை. புள்ளியியலார் வேறு வழி நாடினர். ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு அரிசியும் பருப்பும் உப்பும் உண்பார் என்பது முன்னைய குடும்பக் கணிப்புகளால் அறியப்பட்டிருந்தது. கணக்கிற் கண்ட மொத்த அளவை அதனால் வகுத்தால் மக்கள்தொகை கிடைக்கும். அரிசிக் கணக்கால் வந்த தொகை மிகப் பெரிதாகவும், உப்புக் கணக்கால் வந்த தொகை மிகச் சிறிதாகவும் இருந்தன. அரிசி விலை மிக்கது. அதன் அளவை மிகைப்படுத்தினால் இலாபம் உண்டு. உப்போ விலை மலிந்தது. அதில் பொய் கூறி ஆவதொன்றில்லை. எனவே உப்பு உரைத்ததே உண்மை எனத் துணிந்தனர். மக்கள்தொகை அறியப்பட்டிருந்த மற்றொரு முகாமில் இம்முறையைச் சோதித்தபோது அது பொருந்தியது. இம்முறையைக் கண்டவர் மகலனோபிசின் கழகத்தைச் சார்ந்த ஜே. எம். சென்குப்தா என்பவர்.

நாட்டுப் பணியும் மறைவும்

நாடு விடுதலை பெற்ற பின்னர் மகலனோபிசின் பணி மேலும் விரிந்தது. மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு ஈட்டுகின்றனர், எத்தனை பேர் வேலையின்றி உள்ளனர் என்பவற்றை அறியாமல் நாட்டை ஆளுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு தேரோட்டுதலை ஒக்கும். அக்குறையை நீக்க 1950ஆம் ஆண்டு தேசியக் கூறெடுப்பு ஆய்வு அவர்தம் முயற்சியால் தொடங்கப்பெற்றது. இன்றளவும் அப்பணி நடைபெற்று வருகின்றது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடிப்படையான வரைவினை அவரே அமைத்தார். அதே ஆண்டு இந்தியாவின் முதல் எண்முறைக் கணிப்பொறி அவர்தம் கழகத்திலேதான் நிறுவப்பெற்றது. 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அக்கழகம் தேசியச் சிறப்பு வாய்ந்த நிறுவனம் என்னும் நிலையை எய்தியது. இன்று அதன் கிளை மையங்களுள் ஒன்று நம் சென்னையிலும் உள்ளது. 1968ஆம் ஆண்டு இந்திய அரசு அவர்க்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

திட்டங்களைப் பற்றிய அவர்தம் கருத்துகளை மறுத்தாரும் உண்டு. கனரகத் தொழில்களுக்கு மிகுந்த முதன்மை கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் கூற்று. பெரியோராயினும் அவர்தம் கருத்தும் ஆராய்ச்சிக்கு உரியதே. அவர் வகுத்த கூறெடுப்பு முறைகளாற் கிடைத்த எண்களைக்கொண்டே அவர்தம் திட்டங்களையும் பிறர் சீர்தூக்க முடிந்தது என்பது அவர்க்குப் பெருமையே தரும்.

இறுதி நாள்வரை ஓயாது உழைத்த மகலனோபிஸ், 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், தம் 79ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், இயற்கை எய்தினார். அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாள் 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

முடிவுரை

மாணாக்கர்களே! ஒருவன் ஒருமுறை பொய் கூறினான் என்பதற்காக அவனை என்றும் பொய்யன் என்கின்றோம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்பதற்காக நம்மை நாமே அறிவிலி என எண்ணி வருந்துகின்றோம். இவையெல்லாம் ஒரு மூட்டையை நிறுத்து ஊர் முழுதும் பறைசாற்றுதல் போல்வன அன்றோ? சிறிய சான்று சிறிய முடிவுக்கே இடம் தரும். பெரிய முடிவு கூற விரும்புவோர் பெரிய சான்றினைத் தேடல் வேண்டும். சான்று போதாதவிடத்துப் போதாது என்று ஒப்புக்கொள்ளுதலும் அறிவுடைமையே. எண்ணிப் பார்த்து, சீர்தூக்கி, பின்னரே துணிதல் என்னும் நல்வழியை நமக்குக் காட்டிச் சென்ற மகலனோபிசின் புகழ், எண்ணும் எழுத்தும் உள்ளளவும் நிலைத்து நிற்கும். அவ்வழியிலே நாமும் நடப்போமாக!